காணொளி வியாபாரிகளும் ஒரு மோட்டர் கடையும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், சந்தையிலிருந்து சற்றுத் தள்ளி, எனக்குத் தம்பி முறையான ஒருவர் நீர் இறைக்கும் மோட்டர்கள் திருத்தும் கடையொன்றை நடத்தி வருகிறார். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றும் இல்லாத குடாநாடு இது. கிணறும் மோட்டரும் இல்லையேல் கோப்பாயிலே வெங்காயமும் இல்லை, நீர்வேலியிலே வாழையும் இல்லை. ஆகவே தொழிலுக்குக் குறைவில்லை. ஆயினும் இரண்டு சந்தி தள்ளிப் புதிதாக ஒரு கடை திறக்கப்பட்டதும் தம்பிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை மோப்பம் பிடித்தவர்கள் போல, கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் இருவர் வந்து சேர்ந்தனர். "ஒரு காணொளி எடுத்து யூரியூபில் போடுவோம், கூகிளில் உங்கள் கடையே முதலாவதாக வரும்" என்றார்கள். கொயில் சுற்றும் இயந்திரம் வாங்கவென வைத்திருந்த சீட்டுக் காசு, ஒன்றரை இலட்சம் ரூபாய், கைமாறியது.

அக்காணொளியை நான் பார்த்தேன். நான்கு நிமிடங்கள் ஓடுகிறது. நல்லூர்க் கோபுரத்தின் மீது ட்ரோன் பறக்கிறது; பண்ணைக் கடலிலே சூரியன் மறைகிறது; சினிமாப் பாட்டொன்று அதிர்கிறது. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் கடை வாசலில் நின்று "யாழ்ப்பாணத்தின் நம்பர் வன்" என்கிறார். மோட்டர் என்ற பொருள் சில வினாடிகளே தலைகாட்டுகிறது. தம்பியின் கைகளை, முப்பது வருடங்களாகச் செப்புக் கம்பி சுற்றித் தழும்பேறிய அந்தக் கைகளை, ஓரிடத்திலும் காணவில்லை.

"அண்ணை, பதினேழாயிரம் பேர் பாத்திருக்கினம். ஒருத்தரும் மோட்டர் கொண்டு வரேல்லை" என்றார் தம்பி.

அந்த 17,000 பேர் எங்கிருந்து பார்த்தார்கள் என்பதை யூரியூபே கணக்குக்காரருக்குக் காட்டும். இருவரும் அமர்ந்து பார்த்தோம். கனடா, இந்தியா, பிரான்ஸ், அதன் பின்னரே இலங்கை. ரொறன்ரோவிலே பனிக்குள் இருப்பவர் நல்லூர்க் கோபுரத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கக்கூடும். அதில் தவறில்லை. ஆனால் அவர் நீர்வேலித் தோட்டத்து மோட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

இளைஞர்கள் சொன்ன காரணம் ஒன்றே. யூரியூபின் சொந்தக்காரர் கூகிள். ஆகவே யூரியூபிலே இருப்பவரைக் கூகிள் தூக்கிவிடும். முதற்பாதி உண்மை. 2005இல் தொடங்கிய யூரியூபை 2006 ஒக்டோபரில் 165 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்குக் கூகிள் வாங்கியது. 2007 மே மாதத்தில் தேடல் முடிவுகளுக்குள்ளேயே காணொளிகளையும் கலந்து காட்டத் தொடங்கியது. இரண்டாம் பாதிதான் வியாபாரம். அருகிலுள்ள கடையை ஒருவர் தேடும்போது வரைபடத்தோடு வரும் பட்டியலை எவ்வாறு வரிசைப்படுத்துகிறோம் என்பதைக் கூகிள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் இடையிலான தூரம், கடைக்குள்ள பிரபல்யம். பணம் கொடுத்து அந்த வரிசையில் மேலே ஏற முடியாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. காணொளியை எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கை அந்த விளக்கத்தில் இல்லை. யூரியூப் விளக்கக் குறிப்பிலே கடையின் இணையத்தள இணைப்பைப் போட்டால் தளத்தின் மதிப்பு உயரும் என்பதும் இவர்கள் விற்கும் இன்னொரு சரக்கு. அவ்விணைப்புகள் பரிந்துரையாகக் கொள்ளப்படாதவை என்ற குறியோடுதான் வெளியே போகின்றன. காணொளியைக் கடைத் தளத்தின் முகப்பில் ஒட்டிவைக்கும் தந்திரமும் பழசாகிவிட்டது. 2023ஆம் ஆண்டு முதல், ஒரு பக்கத்தின் பிரதான உள்ளடக்கமே காணொளியாக இருந்தாலன்றித் தேடலில் அதைக் காணொளியாகக் காட்டுவதைக் கூகிள் நிறுத்திக்கொண்டது.

இவையெல்லாம் இரகசியங்கள் அல்ல. யாரும் படிக்கலாம். படிக்காதவரிடம் காசு பறிப்பதற்குத்தான் கழுத்துப்பட்டி தேவைப்படுகிறது.

இன்னொரு கூத்தையும் சொல்லவேண்டும். காணொளிக்கு அவர்கள் இட்ட தலைப்பு, "திருநெல்வேலியின் நம்பர் வன் கடை". ஊர்ப்பெயரைத் தமிழிலே தட்டித் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டுத் திருநெல்வேலியும், அதன் அல்வாவும், நெல்லையப்பர் கோயிலும் அடுக்கடுக்காக வந்து விழும். எங்கள் தின்னவேலி அந்த வெள்ளத்திலே துரும்பு. தலைப்பிலே யாழ்ப்பாணம் என்ற சொல் இல்லை. மோட்டர் என்ற சொல்லும் இல்லை. மோட்டர் திருத்துமிடம் தேடும் கமக்காரனுக்கு இக்காணொளி எப்படி அகப்படும்? பத்திரிகையில் தலைப்பிடத் தெரியாத உதவி ஆசிரியரை எங்கள் காலத்தில் ஒரு வாரத்துக்குமேல் மேசையில் வைத்திருக்க மாட்டார்கள்.

பத்திரிகை என்றதும் ஒன்று உறுத்துகிறது. கறுப்புக் கண்ணாடிக்காரர் காசு வாங்கிக்கொண்டுதான் புகழ்ந்தார். அதை எங்கும் சொல்லவில்லை. காசு பெற்றுச் செய்த காணொளி என்று அறிவிப்பதற்கு யூரியூபிலேயே ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் தொடக்கத்தில் பார்ப்பவருக்கு அறிவித்தல் தோன்றும். குறியிடவில்லை. அமெரிக்காவில் இவ்வாறான புகழுரைகளுக்குக் காசு வாங்கியதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2009ஆம் ஆண்டிலேயே வர்த்தக ஆணைக்குழு வழிகாட்டல் வெளியிட்டுவிட்டது. நாங்கள் செய்திக்கும் விளம்பரத்துக்கும் இடையே ஒரு கோடு போட்டு, மேலே "விளம்பரம்" என்று அச்சிட்டோம். எப்போதும் போட்டோம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். திறப்பு விழாச் சிறப்பு மலர் என்ற பெயரில் எங்கள் தொழிலும் எத்தனையோ கடைகளைக் கட்டுரையாக விற்றிருக்கிறது. ஆயினும் கோடு ஒன்று இருக்கவேண்டும் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியாயின் காணொளியால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு; அதனாலேயே எனக்குக் கோபம் வருகிறது. இரவு ஏழு மணிக்கு மோட்டர் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை. தோட்டக்காரன் என்ன செய்வான்? கைத்தொலைபேசியில் அதே சொற்களைத் தட்டுவான். பெரும்பாலும் கப்பாசிற்றர் பழுதாயிருக்கும், அல்லது பெயாரிங் இறுகியிருக்கும். சுழல்கிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் கிணற்றுக்குள் இருக்கும் அடிவால்வு கசியலாம், குழாய்க்குள் காற்று நிற்கலாம். இவற்றைத் தம்பி கடைக்கு வருவோருக்குத் தினமும் வாயாலே சொல்கிறார். அதையே மகளின் தொலைபேசியில் இரண்டிரண்டு நிமிடங்களாகப் பிடித்து, கேள்வியையே தலைப்பாக்கி, ஊரையும் கடைப்பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கீழே தமிழில் எழுதி, பேச்சை எழுத்துவரிகளாகவும் சேர்த்துவிட்டால், தேடுபவனுக்கு அது அகப்பட வழியுண்டு. நாற்பது பேர் பார்த்தாலும் போதும். அவர்களில் நால்வர் உரும்பிராய்க்காரராக இருந்தால். சொந்தமாகத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொடுத்தால் தொழில் போய்விடாதா என்று தம்பி தயங்கினார். கப்பாசிற்றர் மாற்றத் தெரிந்தவனும் கொயில் எரிந்தால் இங்கேதான் வரவேண்டும்.

வரைபடத்திலே கடைக்கென இருக்கும் பக்கத்தையும் திறந்து பார்த்தோம். முன்னர் கூகிள் மை பிசினஸ் எனப்பட்டு, 2021 நவம்பரில் கூகிள் பிசினஸ் புரொபைல் என்று பெயர் மாறியது அது. இலவசமானது. அங்கேயிருந்த தொலைபேசி இலக்கம் தம்பி எப்போதோ கைவிட்ட இலக்கம்! ஞாயிறு மூடல் என்றிருந்தது. ஞாயிறுதான் அவருக்குக் கூட்டம். ஒன்றரை இலட்சம் வாங்கியவர்கள் அந்த இலக்கத்தை அழைத்துக்கூடப் பார்க்கவில்லை. மாறாக, கடைப்பெயரோடு "நம்பர் வன்" என்பதையும் ஒட்டியிருந்தனர். பெயர்ப்பலகையில் இல்லாததைப் பெயரிலே சேர்ப்பது கூகிளின் விதிக்கு முரணானது, பக்கமே முடக்கப்படலாம்.

வேடிக்கை என்னவென்றால், கூகிள் பல சிறு கடைகளிடம் தானாகவே ஒரு காணொளி கேட்கிறது. கடை உண்மையானதா என்று உறுதிப்படுத்துவதற்காக. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தொடராகத் தொலைபேசியில் பிடித்தது: தெரு, பெயர்ப்பலகை, கருவிகள், உரிமையாளர் தன் சாவியால் கடையைத் திறப்பது. ட்ரோனும் பாட்டும் அதற்கு வேண்டியதில்லை. பொதுமக்கள் பார்ப்பதற்கென அதே பக்கத்தில் 30 வினாடிக் காணொளிகளையும் ஏற்றலாம். கொயில் சுற்றும் தம்பியின் கைகளுக்கு 30 வினாடி தாராளம்.

இலக்கத்தை மாற்றினோம். ஞாயிறைத் திறந்தோம். பெயரிலிருந்து "நம்பர் வன்" உதிர்ந்தது. "அந்தப் படத்தை அழிச்சுப் போடட்டோ அண்ணை?" என்று கேட்டார். ஒன்றரை இலட்சம் கொடுத்தது, இருக்கட்டும், தலைப்பிலே யாழ்ப்பாணத்தையும் மோட்டரையும் மட்டும் சேர்த்துவிடு என்றேன். கடவுச்சொல் அந்த இளைஞர்களிடம் இருக்கிறதாம். இரண்டு வாரமாகத் தொலைபேசி எடுக்கிறார்கள் இல்லை.