விழா எடுத்தால் மட்டும் போதுமா?

ஜூலை 7 வந்தால் ஜார்ஜ்டவுன் களைகட்டிவிடும். 2008இல் மலாக்காவோடு சேர்ந்து அந்நகரம் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட நாள் அது. பினாங்கில் அன்று பொது விடுமுறை. நாமும் படம் எடுத்துப் பகிர்ந்து மகிழ்கிறோம். நல்லதுதான்.

ஆனால், பக்கத்து மாநிலமான கெடாவில் நடந்ததையும் நினைத்துப் பார்ப்போம். சோழர் வரலாற்றில் நாம் படிக்கும் கடாரம் அதுதான். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான கோயில் எச்சங்களில் ஒன்று ‘சண்டி 11’. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அது இடிக்கப்பட்டது. 2013இல் செய்தி வெளிவந்த பிறகே நாடு பதறியது.

தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 முதலே இருக்கிறது. ஆயினும், சண்டி இருந்தது தனியார் நிலத்தில். அரசிதழிலும் அது இடம்பெறவில்லை. அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றது மேம்பாட்டு நிறுவனம். பகையால் அன்று, அறியாமையால் அழிந்தது அது.

அறியாமையைப் போக்க மாணவர்களால் முடியும். உங்கள் ஊரின் பழைய தோட்டக் கோயில், தமிழ்ப்பள்ளிக் கட்டடம், ரயில் நிலையம், இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுங்கள், கட்டிய ஆண்டைத் தேடுங்கள், பெரியவர்களின் நினைவுகளை எழுதி வையுங்கள். அடுத்த வரலாற்றுப் பயிற்சிப் பணிக்கு அதையே தலைப்பாக்குங்கள். அதன் ஒரு படியை மாநில அருங்காட்சியகத்துக்கும் அனுப்புங்கள்.

பட்டியலில் உள்ளவற்றுக்கு விழா எடுக்கப் பலர் இருக்கிறார்கள். பட்டியலில் இல்லாதவற்றுக்கு நம்மை விட்டால் யார்?