பட்டா இல்லாதவர் பிள்ளை படிக்கக் கூடாதா?

குத்தாலம் வட்டாரத்தில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுதும், தம் பெயரில் ஒரு குழிகூட இல்லாத குடும்பங்கள் ஏராளம். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்குக் கடன் கேட்டு வங்கிப் படியேறினால், "பட்டா இருக்கிறதா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறதென்று பெற்றோர் நம்மிடம் குமுறுகிறார்கள். குத்தகைக்காரரிடம் பட்டா ஏது?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. பெற்றோரும் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். பிறகு பட்டா எதற்கு?

2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய். நல்லதுதான், வரவேற்றோம். ஆனால் ஆண்டுக்கு 12,000 ரூபாயில் விடுதிச் சாப்பாடே முடியாது, கடன் வேண்டியிருக்கிறது.

பெற்றோரே, விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள்.