விலைக்கு வாங்கிப் புதைக்கும் வியாபாரம்

"சுதந்திரப் போட்டி, சுதந்திரப் போட்டி" என்று முதலாளித்துவப் பண்டிதர்கள் ஓயாமல் ஜபம் செய்து வருகிறார்கள். கடைத்தெருவில் நாலு கடை இருந்தால் விலை குறையும், சரக்கு நயமாயிருக்கும், வாங்குகிறவனுக்கு லாபம் என்பது அவர்கள் வாதம். சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் நாலு கடைக்காரர்களில் ஒருவன் மற்ற மூன்று கடைகளையும் விலைக்கு வாங்கிவிட்டால் என்ன ஆகும்? இதைக் கேட்டதும் பண்டிதர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உருக்கு, எண்ணெய் ஏகபோகங்களின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே, அதிகம் பேசப்படாத ஒரு தொழிலைப் பார்ப்போம். அது சினிமாவில் மாயக் காட்சிகளை உண்டாக்கும் தொழில். 1957-ல் வந்த 'மாயாபஜார்' படத்தில் மார்க்கஸ் பார்ட்லி காமிராவையும் விளக்கையும் வைத்துக்கொண்டு ஜாலம் செய்தார். இன்று அந்த வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. வெள்ளம், நெருப்பு, லட்சம் பேர் கொண்ட சைன்யம் என்று திரையில் பார்ப்பதெல்லாம் இருட்டறையில் கம்ப்யூட்டர் முன் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் கைவண்ணம். அவனுடைய உளி, சம்மட்டி எல்லாம் ஸாப்ட்வேர்தான். அந்த உளி யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி.

1990-ம் வருஷத்தை ஒட்டி இந்தக் கருவியைச் செய்வதில் மூன்று கம்பெனிகள் முன்னணியில் நின்றன. கனடாவில் டொரண்டோ நகரத்து அலயாஸ், அமெரிக்காவில் ஸாண்டா பார்பராவின் வேவ்பிரண்ட், மாண்ட்ரீல் நகரில் டேனியல் லாங்க்லுவா என்ற கலைஞர் 1986-ல் ஆரம்பித்த ஸாப்ட் இமேஜ். 1993-ல் 'ஜுராஸிக் பார்க்' படத்தில் ராட்சதப் பல்லிகள் நடந்து வந்ததைக் கண்டு உலகமே வாயைப் பிளந்ததல்லவா? அதற்கு அலயாஸ், ஸாப்ட் இமேஜ் கருவிகள் பயன்பட்டன.

பல்லி நடந்ததைப் பார்த்த ஜனங்கள் கைதட்டினார்கள். பெருமூலதனம் நாக்கில் எச்சில் ஊறப் பார்த்தது. மறு வருஷமே, 1994-ல், மைக்ரோஸாப்ட் சுமார் 13 கோடி டாலர் மதிப்பில் ஸாப்ட் இமேஜை வாங்கிக்கொண்டது. கம்ப்யூட்டர் யந்திரம் செய்யும் ஸிலிக்கன் கிராபிக்ஸ் கம்பெனி சும்மா இருக்குமா? 1995-ல் அலயாஸ், வேவ்பிரண்ட் இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கியது. இந்தத் தொழிலுக்கான யந்திரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏற்கெனவே அதன் கையில் இருந்தது. அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் விசாரித்தது. என்ன தீர்ப்பு? போட்டிக் கம்பெனிகளின் யந்திரங்களுக்கும் கதவைத் திறந்து வை என்பது போன்ற சில நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு ஆசீர்வாதம் செய்து அனுப்பியது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். போட்டி மிஞ்சியிருந்த சில வருஷங்களில் விலை இறங்கியது உண்மை. அலயாஸ், வேவ்பிரண்ட் இரண்டையும் சேர்த்து உருவான 'மாயா' என்ற கருவி 1998-ல் வெளிவந்தது. சாதாரணப் பதிப்பு 7,500 டாலர் விற்றது. 2002-ல் அதை 1,999 டாலராகக் குறைத்தார்கள். 2004-ல் ஸாப்ட் இமேஜ் தன் ஆரம்பப் பதிப்பை 495 டாலருக்கே விற்றது. பண்டிதர்கள் சொன்னது பலித்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் போட்டியில் ஜெயிப்பவன் தோற்றவனோடு கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை, அவனை வாங்கிவிடுகிறான். போட்டியின் வயிற்றிலிருந்தே ஏகபோகம் பிறப்பதைப் பற்றி லெனின் 1916-லேயே எழுதியிருக்கிறார்.

அந்தப் பிரசவம் இப்படி நடந்தது. 'திரீ-டி மாக்ஸ்' என்ற மற்றொரு கருவியின் சொந்தக்காரர், கட்டட, யந்திர வரைபட ஸாப்ட்வேரில் பெரும்புள்ளியான ஆட்டோடெஸ்க் என்ற அமெரிக்கக் கம்பெனி. ஸிலிக்கன் கிராபிக்ஸ் நொடித்துப்போய் 2004-ல் அலயாஸை ஒரு நிதிக் கூட்டத்துக்கு 5 கோடியே 75 லட்சம் டாலருக்குத் தள்ளிவிட்டது. மறு வருஷமே 18 கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாக ஆட்டோடெஸ்க் ஒப்பந்தம் போட்டு, 2006 ஜனவரியில் மாயாவைத் தன் வீட்டுக்கு ஓட்டிப் போனது. இடையில் நின்ற நிதிக் கூட்டம் மாயாவில் ஒரு படமாவது வரைந்ததா? அதற்குத்தான் மூன்று மடங்கு! பிறகு 2008-ல், மைக்ரோஸாப்டிடமிருந்து ஆவிட் என்ற கம்பெனிக்குப் போயிருந்த ஸாப்ட் இமேஜையும் சுமார் மூன்றரைக் கோடிக்கு அடித்துக்கொண்டு வந்தது. ஆக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த மூன்று கருவிகளும் ஒரே முதலாளியின் தொழுவத்தில் கட்டப்பட்டன.

ஒரே வேலையைச் செய்யும் மூன்று மாடுகளுக்குத் தீனி போடுவானேன்? 2014 மார்ச்சில் ஆட்டோடெஸ்க் அறிவித்தது: இந்த வருஷப் பதிப்போடு ஸாப்ட் இமேஜுக்குக் கடைசி. கருவி கெட்டுப்போகவில்லை, உலகமெங்கும் கலைஞர்கள் அதில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். வாங்கியவன் கணக்கில் அது உபரி, அவ்வளவுதான்.

இதில் தொழிலாளி இழப்பது என்ன? சென்னையில் ஒரு தோழர் இந்தத் தொழிலில் இருக்கிறார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கிற்று. "பத்து வருஷம் பழகின கை தோழர், ஒரே அறிவிப்பில் மறுபடி எழுத்தாணி பிடிக்கிற பையனாகிவிட்டேன்" என்றார். புதுக் கருவியைப் பழகுகிற காலத்துக்குக் கூலி கிடையாது. அதை ராத்திரியில் தன் தூக்கத்தைக் கொடுத்துப் பழக வேண்டும். தறியும் பாவும் மாஸ்டர் வீவருக்குச் சொந்தமாயிருக்க, கை மட்டும் தன்னுடையதாயுள்ள கூலி நெசவாளியை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். அந்த நெசவாளி வேறு மாஸ்டர் வீவரிடம் போனாலும் பழகிய கை கூடவே போகும். இங்கே கைப்பழக்கத்தையும் சேர்த்தல்லவா முதலாளி புதைத்துவிட்டான்!

புதைத்தது போக மீதியை வாடகைக்கு விட்டார்கள். 2016 முதல் ஆட்டோடெஸ்க் தன் கருவிகளை அடியோடு விற்பதை நிறுத்திவிட்டது. மாதத்துக்கு, வருஷத்துக்கு என்று குத்தகை மட்டும்தான். (அடோபி கம்பெனி இதை 2013-லேயே தொடங்கி வழி காட்டியது.) கணக்கைப் பாருங்கள். 2002-ல் 1,999 டாலர் கொடுத்தால் மாயா உனக்குச் சொந்தம். இன்று ஏறக்குறைய அதே தொகை ஒரே ஒரு வருஷத்து வாடகை. அன்றைய டாலர் வேறு, இன்றைய டாலர் வேறு என்று யாராவது குறுக்கிடலாம். அப்படியே இருக்கட்டும். அன்று ஒரு தடவை கொடுத்தது இன்று வருஷா வருஷம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை விலையும் உண்டு, பெரிய மனசுதான்! வாடகை பாக்கி விழுந்தால், நீயே செய்த வேலையை நீயே மாயாவில் திறந்து பார்க்க முடியாது.

இது ஒரு கம்பெனியின் துர்க்குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'ஷேக்' என்ற காட்சி இணைப்புக் கருவியை ஆப்பிள் 2002-ல் வாங்கி, 2009-ல் நிறுத்தியது. அந்த இடத்தில் உட்கார்ந்தது 'நியூக்'. டிஜிட்டல் டொமைன் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் தங்கள் வேலைக்காகத் தாங்களே எழுதிக்கொண்ட கருவி அது. அதை 2007-ல் எடுத்துக்கொண்ட லண்டன் பவுண்டரி கம்பெனி 2011-ல் கார்லைல், 2015-ல் ஹெச்.ஜி. காபிடல், 2019-ல் 41 கோடி பவுனுக்கு ரோப்பர் என்று கை மாறிக்கொண்டே போயிற்று. யூனிட்டி கம்பெனியோ 2021-ல் நியூஸிலாந்தின் வீட்டா ஸ்டூடியோ கருவிகளை 160 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, இரண்டே வருஷத்தில் அந்த ஏற்பாட்டைக் கலைத்து 265 பேரை வீட்டுக்கு அனுப்பியது. யாருக்கும் விற்காமல் 1987 முதல் சொந்தக் காலில் நிற்கும் ஹௌடினி கம்பெனியும் உண்டு. ஆனால் அது விதிவிலக்கு.

மாற்று வழி உண்டா? உண்டு, கண்ணெதிரே இருக்கிறது. ஹாலந்தில் 'பிளெண்டர்' என்ற கருவியைச் செய்த கம்பெனி 2002-ல் திவாலாயிற்று. பணம் போட்டவர்கள் ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். கருவியைப் பயன்படுத்தி வந்த சாதாரண ஜனங்கள் ஏழே வாரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்து அதை மீட்டார்கள்! அந்த அக்டோபரிலிருந்து அது எல்லோருக்கும் பொது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். யாரும் பூட்ட முடியாது. அதைக் கொண்டு லாட்வியா நாட்டுக் கலைஞர்கள் எடுத்த 'புளோ' படம் 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. பெரிய கம்பெனிகளும் இப்போது பிளெண்டருக்கு நன்கொடை கொடுக்கின்றன. தர்ம சிந்தனையால் அல்ல. கண்ணை விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கருவி பொதுவாகிவிட்டால் கூலி உயர்ந்துவிடுமா? இல்லை. நம் புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைப் ஆப் பை' படத்தில் புலியை உண்டாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனியிடம் சொந்த ஸாப்ட்வேரே இருந்தது. இருந்தும் 2013 பிப்ரவரியில் அது திவாலாயிற்று. அதே மாதம் அந்தப் புலிக்கு ஆஸ்கார் பரிசு. மண்டபத்துக்கு வெளியே தொழிலாளர் ஆர்ப்பாட்டம். மேடையில் கம்பெனியின் கஷ்டத்தைப் பேசத் தொடங்கியவரின் வாயைச் சங்கீதம் போட்டு அடைத்தார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் கவிழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். ஸ்டூடியோக்கள் ஏலம் கேட்டு அடிமாட்டு விலைக்கு வேலை எடுக்கிறவரை, வாடகையில் மிச்சப்படும் பணம் தயாரிப்பாளர் பைக்குத்தான் போகும்.

ஆகவே இரண்டு காரியமும் சேர்ந்து நடக்க வேண்டும். சர்க்கார் பணத்தில் நடக்கும் கல்லூரிகளில் யாரும் பூட்ட முடியாத கருவிகளைக் கற்றுக்கொடு என்று கேட்போம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இந்தத் தொழிலாளிக்குச் சங்கம் கட்டுவோம். "நாங்கள் கலைஞர்கள், எங்களுக்கெதற்குச் சங்கம்?" என்ற பேச்சு ஹாலிவுட்டிலும் வெகுகாலம் இருந்ததுதான். 2023 செப்டம்பரில் மார்வல் ஸ்டூடியோவின் மாயக் காட்சித் தொழிலாளர்கள் சங்கத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். பதிவான ஓட்டுக்களில் எதிராக ஒன்றுகூட இல்லை.