ஊசிக்கு வெட்கமா?

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றால், வைத்தியருக்கு முன் சோசியரைத் தேடுகின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். போன ஜென்மத்துப் பாவமாம்! காஞ்சீபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி யார் பேரால் நிற்கின்றது? முதல் மந்திரியாயிருந்தபோதே 1969-ல் இந்நோயால் மாண்ட அண்ணாவின் பேரால்தானே? பாவ புண்ணியக் கணக்குப் பார்த்தா நோய் வருகின்றது?

கர்ப்பப்பை வாய்ப் புற்று ஏறக்குறைய முழுவதும் ஹெச்.பி.வி. என்னும் கிருமியால் வருவது. இதைக் காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி தொற்றினாலும் பெரும்பாலோருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஒன்றிரண்டு வருஷத்தில் அதை விரட்டிவிடுகின்றது. விரட்டப்படாமல் பல வருஷம் தங்கிவிட்டால்தான் ஆபத்து. தடுப்பூசியில் இருப்பது அக்கிருமியின் மேற்கூட்டைப் போலச் செய்த வெறுங்கூடு. உள்ளே சரக்கு கிடையாது. திருடனின் சட்டையைக் காட்டிக் காவல்காரனைப் பழக்குவதுபோல, கூட்டைக் காட்டி உடம்பைப் பழக்குகின்றார்கள். கிருமி சேருமுன் போட்டால்தான் முழுப் பலன் என்பதால் சிறுமியாயிருக்கும்போதே போடச் சொல்லுகின்றார்கள்.

இதற்கு, "பிள்ளை பிறக்காது", "நடத்தை கெடும்" என்கின்றார்கள். பிள்ளைப் பேற்றுக்கு இவ்வூசியால் கெடுதி என்பதற்கு அத்தாட்சியே இல்லை. நடத்தையைப் பற்றியோ, எத்தனையோ பெண்களுக்கு இக்கிருமி தாலி கட்டிய புருஷனிடமிருந்தே வருகின்றது. ஆண் கொண்டுவரும் கிருமிக்குப் பெண்ணின் கற்பைச் சோதிப்பது என்ன நியாயம்? இவ்வூர்க் குடவோலைக் கல்வெட்டின் பெருமையைப் பேசாதவர் இல்லை. நிலமும் வேதப்படிப்பும் உள்ளவனுக்கே இடங்கொடுத்த அந்தச் சபையில், வேதம் படிக்கவே உரிமையற்ற பெண்ணை யார் கேட்டார்கள்? இன்று அவள் உடம்பைப் பற்றியாவது அவளைக் கேட்கவேண்டாமா?

ஊசியை எதிர்ப்பதும் புதிதல்ல. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து 1955-ல் தோழர் ராஜகோபாலாச்சாரியார் புத்தகமே போட்டார். அதே பி.சி.ஜி.யை, மூத்திரப்பையின் உள்தோலோடு நிற்கும் புற்றுக்கு, பையினுள்ளே செலுத்துகின்றார்கள். அது எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிட, அந்தச் சக்தி புற்றைத் தாக்குகின்றது. தடுப்பதற்கு மாத்திரமல்ல, தீர்ப்பதற்கும் உடம்பின் படை உதவுகின்றது என்பதற்கு இது ஒரு சாட்சி.

14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. ஊசியை இலவசமாகப் போட 2025-ம் வருஷ பட்ஜெட்டில் தமிழ்நாடு சர்க்கார் 36 கோடி ரூபாய் அறிவித்தது. மஞ்சள் நீராட்டுக்குக் கடன் வாங்கும் பெற்றோர், காசில்லாத ஊசிக்கு யோசிப்பானேன்? ஆனால், முன்பே பிடித்துவிட்ட கிருமியை இவ்வூசி போக்காது. இவ்வினக் கிருமிகள் எல்லாவற்றையும் தடுக்கவும் செய்யாது. ஆகையால் ஊசி போட்டவர்களும் 30 வயதுக்குமேல் ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொள்ளவே வேண்டும்.