நத்தார்ப் பலகாரமும் எங்கள் கைப்பக்குவமும்

நத்தார் நெருங்கினால் எங்கள் கத்தோலிக்கக் கிராமங்களில் ஒரு வீட்டில் கொக்கிஸ் சுடுவார்கள்; மறு வீட்டில் பயற்றம் பணியாரம் உருட்டுவார்கள். விடிந்ததும் தட்டுகள் வேலி கடந்து போய்வரும்.

1990இலும் 1995இலும் 2009இலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களுக்குக் கொக்கிஸ் அச்சைத் தூக்க நேரமேது? இன்று பல குடும்பங்கள் கடனுக்குக் கேக் வாங்கி விழாவைச் சமாளிக்கின்றன. அந்தக் கடன் பின்னர் பிள்ளைகளின் கொப்பிச் செலவில் கை வைக்கிறது.

பயற்றம் பணியாரத்துக்கு அச்சு வேண்டாம். வறுத்துத் திரித்த பயற்றம்மா, வறுத்த தேங்காய்ப்பூ, சர்க்கரைப் பாகு, இவற்றைச் சேர்த்துப் பிடிக்கக் கை போதும். அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் பல நாள் இருக்கும். பயறும் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய்க்கும் பயிர். இரவல் காணியிலும் விளைவிக்கலாம்.

ஆனால் பாகின் பதம் அறிந்த அம்மம்மாமார் ஒவ்வொருவராய் மறைகின்றனர். இடம்பெயர்ந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. எனவே இம்முறை நாலு வீட்டார் கூடிச் சுடுங்கள். ஆண்கள் தேங்காய் துருவட்டும். பிள்ளைகள் அளவுகளைக் கொப்பியில் எழுதட்டும்.

பலகாரம் காணிக்கு ஈடாகாது. காணி கேட்கும் குரலை நாம் தாழ்த்தவும் கூடாது. ஆயினும், நாளை ஊர் திரும்பும் பிள்ளை தன் ஊரை அறிந்தவனாய்த் திரும்ப வேண்டாமா? அந்தப் பாடத்தை இந்த நத்தாருக்கு அடுப்படியில் தொடங்குவோம்.