சனிக்கிழமை ராத்திரி - 9: அரைச் சம்பளம், முழு சீசன்



போன பகுதியில் ஃபூட்டி பத்தி எழுதினதுக்கு "அது விளையாட்டா, அடிதடியா?"ன்னு கேட்டவங்களுக்காக இந்த வாரம் அடிதடி கம்மியான சமாச்சாரம்: கூடைப்பந்து. டிவியில் வர்ற பெரிய லீக் இல்லை. ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் வரை, பனி எலும்பைத் துளைக்கிற மாசங்கள்ல ஆஸ்திரேலியாவின் சின்னச் சின்ன ஊர்களில் நடக்கிற என்.பி.எல்.1.

முதல்ல ஒரு அறிமுகம். என்.பி.எல். என்பது இந்த நாட்டின் ஆண்கள் தொழில்முறை லீக். அதுக்கு ஒரு படி கீழே இருப்பது என்.பி.எல்.1. (ஒண்ணுன்னு பேர் வெச்சுட்டு ரெண்டாவது படியில் உட்கார வைக்கிற கணக்கு எனக்கும் புரியலை :-)) 1981 முதல் தென்கிழக்குப் பக்கம் 'சீபல்' என்று ஒரு லீக் இருந்தது. 2018-ல் அதுக்கு மூடுவிழா நடத்தி, 2019-ல் அந்த இடத்தில் இதைக் கொண்டு வந்தாங்க. 2020 சீசனை கொரோனா முழுங்கிடுச்சு. 2021-ல் மேற்கு ஆஸ்திரேலிய லீக்கும், 2022-ல் நியூ சவுத் வேல்ஸின் வராட்டா லீக்கும் உள்ளே வந்தன. இப்போ தெற்கு, வடக்கு, கிழக்கு, மத்தி, மேற்கு என்று அஞ்சு பிரிவு, 70-க்கும் மேலே கிளப்கள்.

எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரே டிக்கெட்டில் ரெண்டு ஆட்டம். பெரும்பாலான கிளப்களுக்கு ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் உண்டு. ஒரே ராத்திரி, ஒரே தரையில், அடுத்தடுத்து ஆடுவாங்க. சில ஊர்ல ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் வேற. டவுன்ஸ்வில்லில் ஆண்கள் 'ஹீட்', பெண்கள் 'ஃபிளேம்ஸ்'. சூடும் தீயும்! குடும்பம் ஒத்துமையா இருக்கட்டும்.

சரி, 'செமி புரொஃபஷனல்'னா என்ன? காசு உண்டு, ஆனா அதை வெச்சு வருஷம் முழுக்கக் குடும்பம் நடத்த முடியாது. பகல்ல டீச்சர், நர்ஸ், எலக்ட்ரீஷியன், என்னை மாதிரி ஸ்டூடன்ட். சாயங்காலம் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். அமெரிக்காவிலிருந்து வர்ற வெளிநாட்டு ஆட்டக்காரங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. பெரிய லீக்கின் சீசன் கோடையில் நடந்து முடிஞ்சிடும்ங்கிறதால, அதில் ஆடுறவங்களும் குளிர்காலத்தில் இங்கே வந்து ஆடுவாங்க. ஆக, போன மாசம் டிவியில் பார்த்த ஆளை, பக்கத்துத் தெரு பி.டி. வாத்தியார் தடுத்து நிறுத்த முயற்சி பண்ற காட்சியை நீங்க பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கையில் சிப்ஸோட.

இன்னொரு பக்கம் பயணம். கிழக்குப் பிரிவில் ஆடுற ஆல்பரி வொடோங்கா பேண்டிட்ஸ் சிட்னிக்குப் போகணும்னா சுமார் 550 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போற தூரம். தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியிலிருந்து பெர்த் சுமார் 600. 2022-ல் வடக்குப் பிரிவில் சேர்ந்த டார்வினுக்கோ பிரிஸ்பேன் வரணும்னா ஃபிளைட்தான், நம்ம கன்னியாகுமரி - காஷ்மீர் கணக்கு. இப்படி அலைஞ்சு ஆடிட்டு, திங்கட்கிழமை காலையில் வேலைக்கும் போகணும்.

"இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு? இதில் வாழ்க்கையும் ஓடாது, ஒலிம்பிக்ஸும் கிடைக்காது"ன்னு கேக்கறீங்களா? கிடைக்கும். கிடைச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

லாரன் ஜாக்சன். 1981-ல் ஆல்பரியில் பிறந்தவர். அப்பா, அம்மா ரெண்டு பேருமே ஆஸ்திரேலியாவுக்கு ஆடினவங்க. அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ.வில் சியாட்டில் அணிக்காக 2003, 2007, 2010 என்று மூணு தடவை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஒலிம்பிக்ஸில் மூணு வெள்ளி, ஒரு வெண்கலம். அப்புறம் முழங்கால் காலை வாரிவிட, 2016-ல் ஓய்வு. ரெண்டு பையன்கள் பிறந்தாங்க. 2021-ல் அமெரிக்காவின் நைஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் பேரும் சேர்ந்தாச்சு. கதை சுபம்னு எல்லாரும் எழுந்து போயாச்சு.

2022-ல் அவங்க திரும்பி வந்தாங்க. எங்கே? ஆல்பரி வொடோங்கா பேண்டிட்ஸுக்கு. சொந்த ஊர், சொந்த கிளப். அந்த அணியின் ஸ்டேடியத்துக்குப் பேரே 'லாரன் ஜாக்சன் ஸ்போர்ட்ஸ் சென்டர்'. தன் பேரை வெச்ச கட்டடத்திலேயே ரெண்டாவது தடவை முதலேர்ந்து ஆரம்பிக்கிறது எல்லாருக்கும் அமையுமா? அந்தக் குளிர்காலத்தில் பேண்டிட்ஸுக்கு ஆடினாங்க. அதைப் பார்த்து தேசிய அணியில் கூப்பிட்டாங்க. அந்த வருஷம் சிட்னியில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரணி கனடா. 95-65 என்று ஆஸ்திரேலியா ஜெயிச்சது. அதில் 30 புள்ளி, 41 வயசான லாரன் ஜாக்சனோடது. அதோட நிக்கலை. 2024 பாரிஸ், அவங்களோட அஞ்சாவது ஒலிம்பிக்ஸ், மறுபடி ஒரு வெண்கலம்.

இதில் நான் கவனிக்கிறது அவங்க திறமையை இல்லை. அது உலகத்துக்கே தெரியும். ஆனா ஆறு வருஷம் ஆடாத ஒருத்தரை எந்தத் தேர்வாளரும் பழைய பேருக்காக நேரே உலகக் கோப்பைக்கு எடுக்க முடியாது. ஆட்டம் ஆடிக் காட்டணும். ஒண்ணு இல்லை, வாரா வாரம். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் போய் ஆடுற மாதிரி, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஒரு லீக் அந்த ஊர்லயே இருந்தது. அந்தக் கதவு இல்லைன்னா எந்தப் பெரிய பேரும் வெளியிலேயே நிக்க வேண்டியதுதான்.

இதே மாதிரிக் கதவு வழியா நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரும் போயிருக்காங்க. கீது அன்னா ஜோஸ். கோட்டயம்காரர், ஆனா சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடினவர், இந்திய அணியின் கேப்டனா இருந்தவர். 2006 முதல் 2008 வரை மெல்பர்ன் பக்கம் ரிங்வுட் ஹாக்ஸுக்காக விக்டோரியாவின் 'பிக் வி' லீக்கில் ஆடினாங்க. அதுவும் இதே ரக லீக்தான். (ரிங்வுட் பிற்பாடு என்.பி.எல்.1-லும் ஆடியது.) 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூணு அவங்களைச் சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டதை அப்போ பேப்பரில் படிச்சிருப்பீங்க.

நம்ம ஊர்லயும் அரைத் தொழில்முறை உண்டு, உருவம்தான் வேற. ஐ.ஓ.பி., இந்தியன் பேங்க், ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ்: விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அந்த நிறுவனத்துக்கு ஆட்டம். ஒரு விதத்தில் இங்கே இருப்பதை விடப் பாதுகாப்பு. கால் போனாலும் சம்பளம் போகாது. ஆனா ஆட்டங்கள் வருவது டோர்னமென்ட்டா. கோயம்புத்தூரிலோ பெரியகுளத்திலோ ஒரு வாரம் திருவிழா மாதிரி நடக்கும், கூட்டம் அள்ளும், கோப்பை குடுப்பாங்க, பந்தல் பிரிப்பாங்க. சீசன் வேற சமாச்சாரம். இந்தச் சனிக்கிழமை தோத்தா அடுத்த சனிக்கிழமை திருத்திக்கலாம். புதுசா வந்த பத்தொன்பது வயசுப் பொண்ணு முதல் மாசம் பெஞ்சில் இருப்பா, மூணாவது மாசம் நாலு நிமிஷம் ஆடுவா, கடைசியில் தொடக்க அஞ்சு பேரில் நிப்பா. ஒரு வார டோர்னமென்ட்டில் இதுக்கு நேரமே இல்லை. தோத்தவங்க அடுத்த நாள் பஸ் ஏறிடுவாங்க.

என் கூடக் காலேஜில் படிச்ச ஒருத்தி யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடினவ. இடது கையால் அவ போடற லே-அப்பைப் பார்க்கவே பசங்க கிரவுண்டுக்கு வருவாங்க. வேலை கிடைச்சது ஐ.டி. கம்பெனியில், விளையாட்டு ஒதுக்கீடு எதுவும் அமையலை. கடைசி வருஷ மேட்ச்தான் அவளுக்குக் கடைசி மேட்ச். அப்போ வயசு 21. இந்த ஊரா இருந்தா பகல்ல கோடு எழுதிட்டு, ராத்திரி கிளப் ஜெர்சி போட்டுக்கிட்டு இன்னும் பத்து வருஷம் ஆடியிருப்பா. காசு பெருசா கிடைச்சிருக்காதுதான். அவ கேட்டதும் காசு இல்லை.

கோயம்புத்தூர், திண்டுக்கல், தூத்துக்குடி, சேலம்... மாவட்டத்துக்கு ஒரு ஆண்கள் அணி, ஒரு பெண்கள் அணி, சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு ஆட்டம், அஞ்சு மாசம். பஸ் தூரம் இங்கே இருக்கிறதில் பாதிகூட இல்லை. லைட் போட்ட கிரவுண்டுகள் பல ஊர்ல ஏற்கனவே இருக்கு. உங்க ஊர்ல யாராவது இதை முயற்சி பண்ணியிருந்தா, எங்கே முட்டுச்சுன்னு சொல்லுங்க: காசா, சங்க அரசியலா, இல்லை ஆள் வரலையா? நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

அடுத்த சனிக்கிழமை: நெட்பால். (ஆமாம், அது வேற விளையாட்டு. பந்தைத் தரையில் தட்டிட்டு ஓடினா விசில் அடிச்சிடுவாங்க!)