கலைக்கப்பட்ட படையும் முடியாத கணக்கும்

உக்ரைன் என்றதும் 2022க்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் ஞாபகம் வருகிறது. படையெடுத்து வந்த ரஷ்யா, எதிர்த்து நிற்கும் உக்ரைன். ஆனால் அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பு அந்த நாட்டின் சொந்தப் பொலிஸ் படையே, தலைநகர் கீவின் நடுவீதியில் சொந்தச் சனத்தைச் சுட்டது. அந்தப் படையின் பெயர் 'பெர்குட்'. பொன்னிறக் கழுகு என்று பொருள். அதன் கதையை எங்கட ஆக்கள் ஒருக்கா வாசிக்க வேண்டும். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

பெர்குட் திடீரென முளைத்த படை அல்ல. சோவியத் ஒன்றியத்தின் கடைசிக் காலத்தில், 1988இல், ஆர்ப்பாட்டங்களை அடக்கவும் கும்பல்களைப் பிடிக்கவும் 'ஒமோன்' என்ற விசேட பொலிஸ் பிரிவுகள் உருவாக்கப்பட்டன. நாடு உடைந்து உக்ரைன் தனியானதும், 1992இல் அங்கிருந்த பிரிவுகளுக்குப் பெர்குட் என்று பெயர் வைத்தார்கள். கொடி மாறியது, பெயர் மாறியது. ஆட்களும் பயிற்சியும் பெரும்பாலும் பழையவைதான். தொண்ணூறுகளில் ஆயுதக் கும்பல்களுக்கு எதிராக அவர்கள் வேலை செய்தார்கள், அதையும் மறுக்கக்கூடாது. ஆனால் ஆட்சியில் இருப்பவனுக்குத் தெருவில் சனம் கூடினால், முதலில் கூப்பிடுவதும் அவர்களைத்தான் என்றாகிவிட்டது.

2013 நவம்பரில் ஜனாதிபதி யானுகோவிச், ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்தார். மாணவர்கள் மைதான் சதுக்கத்தில் கூடினார்கள். நவம்பர் 30 விடியற்காலை நாலு மணி போல பெர்குட் உள்ளே இறங்கி அடித்தது. சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? புதுவருட மரம் நட வேண்டுமாம், இடத்தைத் துப்புரவாக்க வேண்டுமாம்! அடி வாங்கிய பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் மறுநாள் வீட்டில் இருக்கவில்லை. இலட்சக்கணக்கில் சனம் தெருவுக்கு வந்தது. சில நூறு பேரின் போராட்டத்தை ஒரு நாட்டின் எழுச்சியாக்கியது எதிர்க்கட்சி இல்லை, பெர்குட்டின் பொல்லுதான்.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2014 பெப்ரவரி 18 தொடக்கம் 20 வரை கீவ் எரிந்தது. பொலிசார் தரப்பிலும் பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களும் மனிதர்களே. ஆனால் 20ஆம் திகதி இன்ஸ்டிடியூட்ஸ்கா வீதியில் நடந்தது வேறு. மரக் கேடயங்களோடும் தகரத் தட்டுகளோடும் மேலே ஏறி வந்தவர்கள் மேல் தானியங்கித் துப்பாக்கிகள் சுட்டன. அந்த ஒரு காலையில் 48 பேர் கொல்லப்பட்டதாகவும் 80 பேர் காயப்பட்டதாகவும் பிறகு குற்றப்பத்திரிகை சொன்னது. இறந்த போராட்டக்காரர்களை உக்ரைனியர் 'வானுலக நூற்றுவர்' என்று நினைவு கூருகிறார்கள்.

யானுகோவிச் ஓடினார். பெப்ரவரி 25ஆம் திகதி புதிய உள்துறை அமைச்சர் அவகோவ் ஒரு கட்டளையில் பெர்குட்டைக் கலைத்தார். அதற்கு முதல் நாள் லிவிவ் நகரில் விசேட பொலிசார் மேடையில் முழந்தாளிட்டுச் சனத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. படையைக் கலைக்க ஒரு கையெழுத்துப் போதும். அந்தப் படை செய்ததற்குப் பதில் வாங்க அது போதாது.

கிரிமியாவுக்குத் திரும்பிய பெர்குட்காரர்களை அங்கே வீரர்களாக வரவேற்றார்கள். இரண்டொரு நாளில் அவர்களே தீபகற்பத்தின் வாசலில் சோதனைச் சாவடி போட்டு நின்றார்கள். ரஷ்யா கடவுச்சீட்டுக் கொடுத்தது. பெர்குட் என்ற பெயரையும் அங்கே அப்படியே வைத்துக்கொண்டது. கீவில் அந்தப் படையை வழிநடத்திய தளபதிகளில் ஒருவரான குசியுக், 2017 ஜூன் 12ஆம் திகதி மொஸ்கோவில் ஊழலுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தை அடக்கும் ரஷ்யப் பொலிஸ் உடையில் கெமராவில் அகப்பட்டார். ஊர் மாறியது, தொழில் மாறவில்லை.

உக்ரைனுக்குள்ளும் நிலைமை பெரிதாக நல்லாயில்லை. சுட்டவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள், ஆளை அடையாளம் காண இலக்கமும் இல்லை. 'கறுப்புக் கொம்பனி' என்ற பிரிவின் தளபதி சடோவ்னிக் கைதானார். 2014 செப்டம்பரில் ஒரு நீதிபதி அவரை வீட்டுக்காவலுக்கு அனுப்ப, ஆள் காணாமல் போனார். துப்பாக்கிகள்? அவை துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, இலக்கம் அழிக்கப்பட்ட நிலையில் கீவில் ஒரு குளத்தின் அடியிலிருந்து எடுக்கப்பட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் வழக்கு செத்துப்போகவில்லை என்றால், அதற்குக் காரணம் இறந்தவர்களின் குடும்பங்களும் அவர்களுக்காக நின்ற சட்டத்தரணிகளும்தான். அன்று ஆளாளுக்குக் கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோக்களைச் சேர்த்து, நொடிக்கு நொடி பொருத்தி, குண்டு எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். இந்த வேலைக்கு நியூயோர்க்கில் உள்ள ஒரு கட்டடக்கலை ஆய்வுக் குழுவும் உதவியது. 2021 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மைதான் வழக்குகளில் உக்ரைன் அரசு மனித உரிமைகளை மீறியதாகத் தீர்ப்புச் சொன்னது.

அதற்கு முன்பே பெரிய அடி ஒன்று விழுந்திருந்தது. 2019 டிசம்பர் 29ஆம் திகதி கிழக்கில் பிரிவினைவாதிகளிடம் சிறைப்பட்டிருந்தவர்களை மீட்க, விசாரணையில் இருந்த ஐந்து பெர்குட்காரர்களையும் கைதிப் பரிமாற்றத்தில் விட்டுக் கொடுத்தார்கள். குடும்பங்கள் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தன. ஒரு பக்கம் உயிரோடு திரும்பி வரக்கூடிய பிள்ளை, மறுபக்கம் திரும்பி வராத பிள்ளைக்கான நீதி. எந்தத் தாய்க்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது? செலென்ஸ்கி எடுத்த முடிவை நான் இலகுவாகக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன் விலையைக் கட்டியது அரசு இல்லை, அந்தக் குடும்பங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஐவரில் இரண்டு பேர் தாமாகவே திரும்பி வந்து நீதிமன்றத்தில் நின்றார்கள். 2023 ஒக்டோபர் 18, ரஷ்ய ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்த நாட்டில், கீவ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆளில்லாமலே ஒருவருக்கு ஆயுள் தண்டனை, இருவருக்கு 15 வருஷம். திரும்பி வந்த இருவரில் ஒருவருக்கு ஏற்கனவே சிறையில் கழித்த ஐந்து வருஷம், மற்றவர் விடுதலை. எல்லா மரணங்களையும் நீதிமன்றம் அவர்கள் தலையில் கட்டவில்லை. ஆதாரம் போதாத இடத்தில் போதாது என்றது. என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பின் பலமே அதுதான். பழிவாங்க நினைப்பவன் இப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டான்.

இனி, ஏன் இதை எங்கட சனத்துக்குச் சொல்கிறேன்? உக்ரைன் எங்களுக்குத் தூரத்து நாடு அல்ல. 2000ஆம் ஆண்டிலிருந்து இலங்கை விமானப்படை வாங்கிய மிக்-27 விமானங்கள் அங்கிருந்துதான் வந்தன. அதனால் சிலருக்கு அந்த நாட்டின் மேல் மனக்கசப்பு இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அரசுகள் விற்றதற்கு, தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பொறுப்பல்ல.

விசேட அதிரடிப்படை என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீடுகளில் இன்றைக்கும் ஒரு மௌனம் விழும். 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் 13 பேர் கைதானார்கள். ஆதாரம் போதாது என்று 2019இல் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2019இல்தான் கீவிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெளியே போனார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகு வந்தது. அங்கே வழக்கு நிற்கவில்லை.

அங்கே அரசு மாறியது, இங்கே மாறவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அரசு மாறிய அந்த நாட்டிலேயே ஒன்பதரை வருஷம் எடுத்தது. அதுவும் படங்களையும் சாட்சியங்களையும் திகதியோடு, இடத்தோடு பத்திரப்படுத்தியவர்கள் இருந்ததால்தான். வருஷத்துக்கு ஒரு நாள் விளக்கேற்றுவது எங்கள் கடமை. மிச்ச நாட்களில் பெற்றோரிடம் இருந்து கேட்டதை எழுதி, பதிந்து, பாதுகாத்து வைப்பதும் கடமைதான். லண்டனிலும் டொரொண்டோவிலும் சூரிச்சிலும் பிறந்த பிள்ளைகள் இந்த வேலையை எங்களைவிட நன்றாகச் செய்வார்கள். நேரில் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை காலம் எங்களோடு இருப்பார்கள்?